நண்பர்களோடு ராக்கெட் விடும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பல ஊர்களில் பொழுதுபோக்கு ராக்கெட் மன்றங்கள் இருக்கின்றன. வார இறுதியில் அறுவடை முடிந்த வயலிலோ, வறண்ட ஏரிப் படுகையிலோ கூடி ராக்கெட் விடுவார்கள். அங்கே பிள்ளைகளை அழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னைப் போன்ற பழைய உறுப்பினர்களிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் எல்லாம் அமெரிக்காவுக்கு உரியவை. 1957-இல் தொடங்கிய தேசிய ராக்கெட் சங்கமும், 1964-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய டிரிப்போலி சங்கமும்தான் அங்குள்ள இரண்டு பெரிய அமைப்புகள். கிட்டத்தட்ட எல்லா மன்றங்களும் இவற்றில் ஒன்றின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகின்றன.

இதுவும் தீபாவளி ராக்கெட் மாதிரிதானே?

இல்லை. தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் செருகி, திரியில் தீ வைத்துவிட்டு ஓடுகிறோம். அது எப்போது கிளம்பும், யார் வீட்டு மாடியில் விழும் என்பது அதற்கே வெளிச்சம். மாடல் ராக்கெட்டில் திரி கிடையாது. மோட்டாரின் வாய்க்குள் இக்னைட்டர் என்ற மெல்லிய கம்பியைச் செருகி, தூரத்தில் நின்று மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைக்கிறோம். அதனால் ராக்கெட் நாம் சொல்லும் நொடியில் கிளம்புகிறது. நேராகப் போவதற்குக் குச்சிக்குப் பதில் வால்சிறகுகள் உண்டு. உச்சிக்குப் போனதும் வெடித்துச் சிதறாமல் பாராசூட்டை வெளியே தள்ளிவிட்டு மெல்ல இறங்கும். எடுத்துவந்து புது மோட்டார் பொருத்தி அன்றைக்கே மறுபடியும் விடலாம்.

உடல் காகிதக் குழல், பால்சா மரம், பிளாஸ்டிக் போன்ற இலேசான பொருள்களால் ஆனது. உலோகக் குழாய்க்கு இங்கே இடமில்லை. ஏதாவது தவறிப்போனால் நசுங்க வேண்டியது ராக்கெட்தான், ஆளின் மண்டை அல்ல.

எரிபொருளையும் நாமே செய்தால்தானே முழு ராக்கெட் செய்ததாக ஆகும்?

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். 1957 அக்டோபரில் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த காலத்தில், இரும்புக் குழாய்க்குள் இரசாயனத்தைத் திணித்து ராக்கெட் விடப்போன அமெரிக்கச் சிறுவர்கள் விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அதற்கு முன்பே, 1954-இல், தம்முடைய சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து ஒரு வழி கண்டிருந்தார். அவருக்கு வாணவேடிக்கையில் ஈடுபாடு, சகோதரருக்கு மாடல் விமானங்களில். காகித உறைக்குள் கரிமருந்தை இறுக்கிச் சிறு மோட்டார் செய்து, மறுபடி மறுபடி பறக்கக்கூடிய காகித ராக்கெட்டில் பொருத்தினார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன், ராக்கெட் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன்தான் தேசிய ராக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். மோட்டாருக்கு கிராக்கி ஏறியதும், வாணவேடிக்கைத் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்த வெர்ன் எஸ்டெஸ், சில நொடிகளுக்கு ஒரு மோட்டாரைச் செய்து தள்ளும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதற்கு மேபல் என்று பெயர்.

அன்று செய்துகொண்ட பாகப்பிரிவினை இன்றும் அப்படியே இருக்கிறது. மருந்து தொழிற்சாலையுடையது, மற்றதெல்லாம் நம்முடையது. சங்கங்கள் சோதித்துச் சான்று கொடுத்த மோட்டாரை வாங்குகிறோம், பிரிக்காமல், மாற்றாமல் பயன்படுத்துகிறோம். வீட்டு அடுப்பில் எரிபொருள் காய்ச்சும் காணொளிகளைக் காட்டி, "இது சுலபமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. காணொளி எடுத்தவர் இன்னும் பத்து விரலோடு இருக்கிறார் என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிக்கவில்லை. சொந்த எரிபொருள் ஆராய்ச்சிக்கு டிரிப்போலியில் தனி ஏவுநாள்கள் உண்டு. இரண்டாம் நிலைச் சான்றிதழ் (நிலைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) பெற்றவர்கள் மட்டுமே அங்கே சொந்த மோட்டாரை விடலாம். ஆசை இருந்தால் அந்தப் படிகளில் ஏறிப் போங்கள்.

மோட்டாரின் மேல் 'சி6-5' என்று போட்டிருக்கிறதே, என்ன பொருள்?

எழுத்து, மோட்டார் எரிந்து முடியும் வரை கொடுக்கும் மொத்த உந்துதலின் அளவு. 'ஏ' என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை. அடுத்தடுத்த எழுத்துக்கு இரட்டிப்பு: 'பி' 5, 'சி' 10, 'டி' 20, 'ஜி' 160 வரை. நடுவில் உள்ள 6, சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்கிறது. கடைசி 5, மருந்து எரிந்து முடிந்ததிலிருந்து மோட்டார் பாராசூட்டைத் தள்ளும் வரை 5 நொடி தாமதம் என்கிறது.

புதியவர்கள் எழுத்தை மட்டும் பார்க்கிறார்கள். விபரீதம் நேர்வது பெரும்பாலும் மற்ற இரண்டு எண்களில். சி6-5 மோட்டாருக்குப் பரிந்துரைக்கப்படும் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 113 கிராம். உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற பொதுக் கணக்கோடு இது ஒத்துப்போகும். அதே மோட்டாரை 300 கிராம் ராக்கெட்டில் போட்டால், ஏவுகம்பியை (கிளம்பும்போது ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கம்பி) விட்டு விலகும்போது வால்சிறகுகள் காற்றைப் பிடிக்கப் போதிய வேகம் இருக்காது. தள்ளாடிக்கொண்டு கிளம்பி, கூட்டத்தின் பக்கம் திரும்பினாலும் ஆச்சரியமில்லை.

தாமதம் குறைவாக இருந்தால் ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பாராசூட் வெளிவரும்; கயிறு காகிதக் குழலை ஜிப் திறந்ததுபோல் கிழித்துவிடும். அதிகமாக இருந்தால் தலைகீழாக இறங்கும் வழியில்தான் வெளிவரும், அல்லது தரையைத் தொட்ட பிறகு.

எவ்வளவு பெரிய இடம் வேண்டும்?

தேசிய ராக்கெட் சங்க விதிப்படி, இடத்தின் குறுகிய பக்கம் 'ஏ' மோட்டாருக்கு 100 அடி, 'பி'க்கு 200, 'சி'க்கு 400, 'டி'க்கு 500, 'இ' முதல் 'ஜி' வரை 1,000 அடி. இது குறைந்தபட்சம். 400 அடி மைதானத்தில் 'சி' மோட்டாரை விடலாம் என்றால், ராக்கெட் மைதானத்துக்குள்ளேயே விழும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. எஸ்டெஸ் ஆல்ஃபா போன்ற சிறு ராக்கெட் 'சி' மோட்டாரில் சுமார் 300 மீட்டர் உயரம் போகும். பாராசூட் நொடிக்கு 5 மீட்டர் இறங்கினால் தரைக்கு வர ஒரு நிமிடம் ஆகும். காற்று நொடிக்கு 5 மீட்டர் அடித்தால் அந்த ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். காரை நிறுத்திய இடம், நெடுஞ்சாலை, பக்கத்து நிலத்துக்காரரின் மாட்டுத் தொழுவம் எல்லாம் அதற்குள் வந்துவிடலாம். அப்படிப்பட்ட நாளில் சிறிய மோட்டாருக்கு இறங்குங்கள். பாராசூட்டின் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டினாலும், அதை எடுத்துவிட்டு நீள நாடா போட்டாலும் சீக்கிரம் இறங்கும்.

காற்று எவ்வளவு வரை பரவாயில்லை?

மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அதற்கு மேல் விதியே தடுக்கிறது. வால்சிறகுள்ள ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கித் தலையைத் திருப்பும் என்பதை நினைவில் வையுங்கள். கூட்டத்தைக் காற்று வரும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஏவினால், ராக்கெட் அவர்கள் தலைக்கு மேல்தான் போகும். மேகத்துக்குள் ஏவுவதும், விமானம் தென்படும்போது ஏவுவதும், எதையாவது குறிவைத்து ஏவுவதும் கூடவே கூடாது.

நிதானமாக, தனியாக ஒரு மைதானத்தில் விட்டால் என்ன? மன்றம் எதற்கு?

சிறு ராக்கெட்டைத் தனியாக விடுவது சட்டவிரோதம் அல்ல. இடத்துக்காரரின் அனுமதியும் உள்ளூர் விதியும் இடம் கொடுத்தால் விடலாம்.

ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. தானே செய்த ராக்கெட்டைத் தானே சோதிப்பவர் சோதனை செய்வதில்லை, ரசிக்கிறார். இரவெல்லாம் விழித்து ஒட்டிய சிறகு ஆடுவது அவர் கண்ணுக்குத் தெரியாது. மன்றத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பார். உங்கள் ராக்கெட் மேல் அவருக்கு எந்தப் பாசமும் இல்லை. 'இன்று இது பறக்காது' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு, ஏவும் பொத்தான் உங்கள் கையில் இருப்பதும் இல்லை. விதிப்புத்தகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஆளைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான் என்பது என் கட்சி. தவிர, தேசிய ராக்கெட் சங்க உறுப்பினராக இருந்தால் பொறுப்புக் காப்பீடும் கிடைக்கிறது. நிலத்துக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த அதிகாரியின் சோதனை மேசையில் என்னதான் பார்க்கிறார்கள்?

அருகில் நின்று பாருங்கள், புத்தகம் படிப்பதைவிட அதிகம் கற்கலாம். அதிகாரி முதலில் ராக்கெட்டைக் கையில் எடுத்து எடையை உணர்கிறார், மோட்டார் எது என்று கேட்கிறார். இந்த எடைக்கு இந்த மோட்டார் போதுமா என்ற கணக்கு அதற்குள் அவர் மனதில் ஓடி முடிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு சிறகையும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கிறார். பசை விட்டிருந்தால் இலேசாக ஒரு 'நெறுக்' சத்தம் வரும். அத்தோடு அந்த ராக்கெட் மூட்டைக்குத் திரும்பும்.

அடுத்து, ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்குகிறார். கூம்பு முனை தானாக உதிரவும் கூடாது, இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அதை உருவிப் பாராசூட்டை வெளியே எடுக்கிறார். அதற்கும் மோட்டாருக்கும் நடுவே தீப்பிடிக்காத காகிதத்தை அடைத்திருக்கிறீர்களா என்று பார்க்கிறார். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாராசூட் உருகி ஒரே உருண்டையாக வெளிவரும். எலாஸ்டிக் கயிற்றை இழுத்து முடிச்சைச் சோதிக்கிறார். மோட்டாரைப் பிடித்து இழுத்து, கொக்கியில் நிற்கிறதா என்று பார்க்கிறார். கடைசியாக, ஏவுகம்பி நுழையும் சிறு குழல் உடலில் நேராக ஒட்டியிருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஆகமொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அவர் மறுத்துவிட்டால் வாதாடலாமா?

காரணம் கேட்கலாம். வாதாட இடமில்லை.

நேராகப் பறக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

ராக்கெட்டின் எடை மையம் (விரலில் வைத்தால் சமனாக நிற்கும் புள்ளி), காற்றழுத்த மையத்துக்கு (பறக்கும்போது காற்றின் தள்ளல் குவியும் புள்ளி) முன்னால், கூம்பு முனைப் பக்கமாக இருக்க வேண்டும்; இடைவெளி குறைந்தது உடல் குழலின் ஒரு விட்டம். கடையில் வாங்கிய தொகுப்பை அப்படியே ஒட்டினால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். சொந்த வடிவம் என்றால் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து பாருங்கள்.

பழைய முறையும் கெட்டுப்போகவில்லை. மோட்டார் பொருத்திய ராக்கெட்டின் எடை மையத்தில் நூலைக் கட்டி, தலையைச் சுற்றி வீசிச் சுழற்றுங்கள். கூம்பு முனை முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தாலோ, கரணம் அடித்தாலோ, முனையில் கொஞ்சம் களிமண் எடை சேர்க்க வேண்டும் அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும். மோட்டார் இல்லாமல் செய்யும் சோதனை வீண், ஏனென்றால் வால்பக்க எடையே அதுதான்.

ஏவும்போது எது முதலில், எது பிறகு?

ஏவும் மின்சாரத்தை இயக்கும் பாதுகாப்புச் சாவி கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும்போது யாரும் ராக்கெட்டை நெருங்குவதில்லை. சொந்தக் கருவி வைத்திருந்தால், ஏவுமேடைக்குப் போகிறவர் அந்தச் சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். இக்னைட்டரில் மாட்டும் முன் இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். பொறி வந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கிறது, உடனே விலகுங்கள்.

ஏவுகம்பியின் நுனி கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனிக்கு மூடி போட வேண்டும். குனிந்து கிளிப் மாட்டிவிட்டு நிமிர்கிறவரின் கண்ணைக் குத்துவது அந்தக் கம்பிதான். கம்பியைச் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது. மாட்டி முடித்ததும் 'டி' வரையிலான மோட்டாருக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி விலகி நிற்க வேண்டும். வானத்தையும் தரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி ஐந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார்கள். சடங்குக்காக எண்ணுவதில்லை, தலையைக் குனிந்து சாண்ட்விச் தின்பவரையும் நிமிரவைக்கத்தான்.

பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்வது?

சாவியை எடுங்கள். 60 நொடி காத்திருங்கள். அதுவரை யாரும் போகக் கூடாது, முக்கியமாக ஆர்வக்கோளாறில் ஓடும் அப்பாக்கள். பெரும்பாலும் இக்னைட்டரின் நுனி மருந்தைத் தொடாமல் பாதியில் நின்றிருக்கும், அல்லது இரண்டு கிளிப்புகளும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். பேட்டரி தீர்ந்திருப்பதும் உண்டு.

திடீரென்று எல்லோரும் 'ஹெட்ஸ் அப்' என்று கத்துகிறார்களே?

ஏதோ ஒன்று பாராசூட் விரியாமல் வருகிறது என்று பொருள். எழுந்து நின்று அண்ணாந்து பாருங்கள். பார்த்தவர்கள் அதை நோக்கிக் கையை நீட்டுவார்கள், அந்தக் கைகளைப் பின்பற்றினால் உங்கள் கண்ணுக்கும் படும். அது வரும் இடம் தெரிந்த பிறகு இரண்டடி நகர்ந்தால் போதும். தெரியாமல் ஓடுகிறவர் அதன் அடியிலேயே போய் நிற்கவும் கூடும். பிள்ளையைத் தூக்க முடிகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழகாக மிதந்து வரும் ராக்கெட்டைக்கூடக் கையால் பிடிக்க முயலாதீர்கள்.

புல் தீப்பற்றாதா?

பற்றும். ஏவுமேடையில் தீச்சுவாலையைத் தடுக்கும் தகடு இருக்க வேண்டும், சுற்றிலும் காய்ந்த புல்லைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மண்வெட்டியும் தண்ணீர்த் தெளிப்பானும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டைட்டானியம் கலந்து பொறி பறக்கவிடும் பெரிய மோட்டார்கள் படத்துக்கு அழகு, வறண்ட மாதத்தில் வேண்டாம்.

இன்னும் பெரியதாக விட என்ன வேண்டும்?

புறப்பாட்டு எடை 1,500 கிராமுக்கு மேல், அல்லது எரிபொருள் 125 கிராமுக்கு மேல் போனால் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அனுமதி தேவை. மன்றம் தன் ஏவுதளத்துக்கு உயர வரம்போடு அதை வாங்கிவைத்திருக்கும். அனுமதி இருப்பதால் விமானம் அந்தப் பக்கம் வராது என்று எண்ண வேண்டாம், ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆளுக்கும் சான்றிதழ் வேண்டும். பொதுவாக வயது 18 ஆகியிருக்க வேண்டும். முதல் நிலைக்கு 'எச்' அல்லது 'ஐ' மோட்டாரில் விட்டு, சேதமில்லாமல் மீட்டுக் காட்ட வேண்டும். இரண்டாம் நிலையான 'ஜே' முதல் 'எல்' வரை எழுத்துத் தேர்வும் உண்டு. மூன்றாம் நிலை 'எம்' முதல் தொடங்குகிறது. 'எம்' மோட்டாருக்கு ஆள் விலகி நிற்க வேண்டிய தூரம் 500 அடி. பெரிய ராக்கெட்டுகளில் உயரமானிக் கருவியே பாராசூட்டைத் தள்ளும் மருந்தைப் பற்றவைக்கிறது. ஆகவே ஏவுமேடையில் ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்திய பிறகுதான் அந்தக் கருவியை இயக்க வேண்டும். இந்த ஏணி நெடுந்தூரம் போகிறது: 2004-இல் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து பொழுதுபோக்காளர் குழு ஒன்று விட்ட ராக்கெட் விண்வெளியையே தொட்டது.

மிச்ச மோட்டாரைக் காரிலேயே வைத்திருக்கலாமா?

வேண்டாம். கரிமருந்து மோட்டார் வெயிலில் சூடேறிக் குளிர்ந்து மறுபடி சூடேறினால், மருந்துக்கும் உறைக்கும் இடையே விரிசல் விழும். பற்றவைத்ததும் தீ அந்த விரிசலில் பாய்ந்து மோட்டார் வெடிக்கும். டெக்சாஸ் கோடையில் மூடிய கார் இதற்கென்றே செய்த உலை. கீழே விழுந்த மோட்டாரையும் ஒதுக்கிவிடுங்கள்.

ராக்கெட் மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

எடுப்பதில்லை. மின்நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். உயரமான மரமும் அப்படியே. பிள்ளை அழுதால் புதுத் தொகுப்பு வாங்கிக் கொடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மோட்டார் கொண்டுபோய் அக்கா பிள்ளைகளுக்கு விட்டுக்காட்டலாமா?

கூடாது. பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் சரி, பதிவுப் பெட்டியிலும் சரி, ராக்கெட் மோட்டாருக்குத் தடை. இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன, சுங்கத்தில் நின்று 'இது விளையாட்டுச் சாமான்' என்று விளக்கும் நிலைக்கு ஆளாகாதீர்கள்.

ஊரில் தண்ணீர் ராக்கெட் விட்டுக்காட்டுங்கள். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பு, காற்று கசியாத அடைப்பான், தூரத்திலிருந்து இழுத்து விடுவிக்க ஒரு கயிறு. கீறலோ நசுங்கலோ உள்ள பாட்டில் வேண்டாம், அழுத்தத்தில் அது பிளக்கும். அழுத்தமானி உள்ள பம்பாக இருந்தால் 60 பி.எஸ்.ஐ. தாண்ட வேண்டாம். காற்றடிப்பவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, அக்கா பிள்ளைகளில் மூத்தவளைப் பாதுகாப்பு அதிகாரியாக்குங்கள். அவள் வேண்டாம் என்றால் கயிற்றை இழுக்கக் கூடாது, மாமாவாக இருந்தாலும்.